சொல்லாமல் நகர்த்தியவை

அன்றைக்குத் தகரக் கொட்டகை ஆபீசில் இருந்தவர்கள்: மேனேஜர். சைட் இன்ஜினியர். சென்ட்ரிங் மேஸ்திரி. கரண்ட் வேலை பார்க்கும் என் மச்சான். மாடல் போடும் டீச்சர். கம்பி கட்டும் நான். குழாய் வேலைக்கு யாரும் வரவில்லை. குழாய் மாமாவை முந்தின நாள்தான் தேவதானப்பட்டியில் எரித்துவிட்டு வந்திருந்தோம்.

ஆடிக் காற்றில் தகரம் அடித்துக்கொண்டே இருந்தது. மேனேஜர் டிவியில் மூன்றாம் மாடிக் கூரையின் படத்தைக் காட்டினார். மாமா ஓட்டை போட்ட இடத்தில் ஒன்றும் இல்லை. வயர் போகும் குழாய் பச்சையாக, ஒரு முழம் தள்ளி ஓடியது. படத்தில் இல்லாத இடத்தில் வயர் எப்படி வந்தது என்று கேட்டார். மச்சான் எழுந்தான். “படத்துல எப்பிடி இருந்துச்சோ அப்பிடித்தான் சார் போட்டேன்” என்றான். உட்காரும்போது என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அப்படியென்றால் உனக்குக் கொடுத்த படம் வேறு, இங்கே இருக்கிற படம் வேறு என்றார் மேனேஜர். எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள்.

தேனியில் இருந்து கம்பம் போகிற ரோட்டில் நாங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரி எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கு முன் நாங்கள் கட்டிய கட்டடங்களில் ஆளுக்கொரு பேப்பர். கம்பிக்கு ஒரு பேப்பர், வயருக்கு ஒன்று, தண்ணிக் குழாய்க்கு ஒன்று. என் பேப்பரில் மச்சானின் வயர் இருக்காது. அவன் பேப்பரில் என் கம்பி இருக்காது. அதனால் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்வோம். மாமா அதில் ரொம்பக் கண்டிப்பு. கேட்காமல் ஒரு ஓட்டை போட்டதில்லை. டிரில் மிஷினை ஏணியில் மாட்டிவிட்டு மாடி மாடியாக ஆளைத் தேடி வருவார். “ஏலே, இங்கன என்ன பொதச்சு வச்சிருக்க?” என்பார். நான் சொல்வேன். அடுத்து மச்சானிடம் போய் அதையே கேட்பார். ரெண்டு பேர் சொன்னதும் ஒன்றாக இருந்தால்தான் ஏணி ஏறுவார். ஒரு கொக்கி மாட்ட அரைமணி நேரம் ஆகும். நாங்கள் சிரிப்போம்.

இந்த வேலைக்குத்தான் மாடல் வந்தது. பிம் என்பார்கள். கட்டடத்தை முதலில் கம்ப்யூட்டருக்குள் கட்டிவிடுகிறார்கள். கம்பி, வயர், குழாய் எல்லாம் அதில் கலர் கலராகக் கிடக்கும். எது எதில் இடிக்கிறது என்று அதுவே காட்டிவிடும். அதைப் பார்க்க போடியில் இருந்து ஒரு பெண் வந்தார். திங்கட்கிழமைதோறும் எங்களை உட்காரவைத்துப் பாடம் மாதிரிச் சொன்னதால் டீச்சர் என்று பேர் வைத்தோம். வயதில் எங்கள் எல்லோரையும்விடச் சின்னவர். பாடம் முடிந்ததும் ஒன்றைத் தவறாமல் சொல்வார். எதை மாற்றினாலும், ஒரு அங்குலமாக இருந்தாலும், என்னிடம் சொல்லிவிடுங்கள் அண்ணே.

மாடலை முதலில் நம்பியது மாமாதான். ரெண்டாம் வகுப்பு படித்தவர். மாடல் இருக்கிற டேப்லெட்டை விரலால் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். “கட்டடத்துக்கு ஸ்கேன் எடுத்து வச்சிருக்காக டீச்சரு” என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். “இந்தா நிக்குது பாரு ஒண்ணு, கம்பியா நீயான்னு தெரியல.” நான் அப்போது ரொம்ப ஒல்லி.

அதற்குப் பிறகு அவர் எங்களைத் தேடி வருவது குறைந்தது. பிறகு நின்றது. கேட்க வேண்டியது எல்லாம் டேப்லெட்டில் இருந்தது. வேலை வேகமாக நடந்தது. எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

மூன்றாம் மாடிக் கூரை கான்கிரீட் போட்ட அன்று காலையில் பார்த்தால், தூணுக்குப் பக்கத்தில் என் கம்பி நெருக்கமாக விழுந்திருந்தது. மச்சானின் வயர்க் குழாய் நுழையவில்லை. டீச்சரிடம் சொன்னால் அவர் மெட்ராஸ் ஆபீசுக்கு அனுப்புவார். பதில் வர ரெண்டு நாள். கான்கிரீட் லாரி கீழே சுற்றிக்கொண்டு நின்றது. பாவம், சின்னப் பிள்ளை, அவருக்கு எதற்குத் தொந்தரவு என்றும் நினைத்தோம். “ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கடா” என்று நான்தான் சொன்னேன். இது புதிது இல்லை. எத்தனையோ வருசமாக நாங்கள் செய்வது. உனக்கு இடிக்கிறதா, நான் நகர்ந்துகொள்கிறேன். எனக்கு இடிக்கிறதா, நீ நகர்ந்துகொள். மேலே இருக்கிறவர்கள் வரைக்கும் எதையும் கொண்டுபோக மாட்டோம். அதை நல்ல பழக்கம் என்றுதான் நினைத்திருந்தோம்.

ரெண்டு மாதம் கழித்து மாமா அந்த நடைவழியில் ஏணி போட்டார். ஆக்சிஜன் குழாய்க்குக் கூரையில் கொக்கி மாட்டும் வேலை. அந்த மாடி விளக்குக்காக மச்சான் அந்த வயரில் கரண்ட் கொடுத்து நாலு நாள் ஆகியிருந்தது. பதினோரு மணி இருக்கும். நடைவழிக் கடைசியில் நின்று நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மாமா டேப்லெட்டைப் பார்த்தார். கூரையில் பென்சிலால் குறி வைத்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கேட்கவில்லை. நானும் இடத்தைக் கவனிக்கவில்லை. மிஷின் சத்தம் கேட்டது. நின்றது. ஏணி சாய்ந்தது.

கூட்டத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. அதை இங்கே எழுதிவிட வேண்டும். டீச்சர் அழவில்லை. என்னிடம் இருக்கிற படம் ஒன்றுதான் சார் என்று மட்டும் சொன்னார். மறுநாளில் இருந்து அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்படி ஒரு பேரோடு போனால் வேறு எங்கேயும் வேலை தர மாட்டார்கள் என்று சைட் இன்ஜினியர் சொன்னார். போலீஸிலும் டீச்சர் பேரைத்தான் எழுதிக் கொடுக்கப் போவதாகப் பேச்சு.

மாமாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். சாப்பிட்டவர்கள் கிளம்பிவிட்டார்கள். அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சொன்னார்.

“படம் வரஞ்ச புள்ளைக்கு இன்னுங் கல்யாணம் ஆகலையாமே. ஆகவே கூடாதுன்னு மாரியாத்தா கோயில்ல மண்ண வாரித் தூத்திட்டு வந்துட்டேன்.”

அத்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

“அவுக மேல தப்பில்ல அத்தே. வயர மாத்திப் போடச் சொன்னது நானு.”

அத்தை என் முகத்தையே பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

“மாமா ஒன்னயக் கேக்கலையா?”

“கேக்கல. படத்துலதான் இருக்கேன்னு விட்டுட்டாக.”

“நீயாச்சும் சொல்லியிருக்கலாம்ல” என்றார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அதை எடுத்துவிட்டு, “எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது. அங்கன போயிச் சொல்லு. நான் தூத்தின மண்ண நானே போயி அள்ளணும்” என்றார்.

மறுநாள் காலையில் மேனேஜரிடம் சொன்னேன். போலீஸில் எழுதிக் கேட்டார்கள், கைநாட்டு இல்லாமல் கையெழுத்தே போட்டுக் கொடுத்தேன். மச்சான் பேரும் அதில் வந்தது. அவன் என்னிடம் பேசி இப்போது மூன்று வருசம் ஆகிறது. அவனுக்குக் கட்டிக் கொடுத்த என் தங்கையையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. அவன் பக்கமும் ஞாயம் இருக்கிறது. அவனுக்கு ரெண்டு பிள்ளைகள்.

டீச்சரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வந்தார். என்னை உடனே நிறுத்தவில்லை. வேறு எங்கெங்கே நகர்த்தினோம் என்று எனக்குத்தானே தெரியும், காட்டிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். நாலு நாள் நானும் டீச்சரும் மாடி மாடியாக நடந்தோம். நான் சாக்பீஸால் கூரையில், தூணில், சுவரில் கோடு போடுவேன். அவர் டேப்லெட்டில் அதை நகர்த்துவார். பழைய இடத்தில் இருந்து கோடு மறையும், புது இடத்தில் வரும். ஏன் சொல்லவில்லை என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. சில இடங்களில் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. அப்போது காத்திருப்பார். அவசரப்படுத்த மாட்டார்.

கடைசி மாடியில் கடைசிக் கோட்டைப் போட்டுவிட்டு, மொத்தம் எத்தனை என்று கேட்டேன். டீச்சர் விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார்.

நாற்பத்தேழு.