இரண்டாம் சுருள் முதலில்

கல்யாணமாகி நான் வளைகுடாவில் ஃபர்வானியாவுக்கு வந்த புதிதில் வெள்ளிக்கிழமை மதியங்கள் என் கணவரின் நண்பர்களுக்கு உரியவை. கட்டட சைட்டில் அவருடன் வேலை பார்க்கும் ஏழெட்டுப் பேர் தொழிலாளர் கேம்பிலிருந்து வருவார்கள். ஜன்னல்களைக் கம்பளியால் மூடி, என் வெள்ளை விரிப்பைச் சுவரில் ஆணியடித்து மாட்டிப் படம் பார்ப்பார்கள். நான் அடுக்களையில் டீ போடுவேன்.

எங்கள் இருவரின் பேச்சு அப்போது கேஸ், தண்ணீர், அரிசி, பஸ் நேரம் என்ற வரிசைக்குள் அடங்கிவிடும். அவர் வாய்விட்டுச் சிரிப்பதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்துதான் கேட்டிருக்கிறேன். அந்த அறையில் எனக்கும் ஓர் இடம் வேண்டும் என்றிருந்தது. கேட்கத் தெரியவில்லை.

புரொஜெக்டர், நாடு திரும்பிய ஓர் அமெரிக்க ஃபோர்மேன் விட்டுப்போனது. ஒலிக்கான சின்ன விளக்கு அதில் எரிந்துபோயிருந்தது. அந்த அளவு பல்பு எந்தக் கடையிலும் இல்லை. அதனால் அந்த ஃபோர்மேன் விட்டுப்போன ஊமைப் படங்கள் மட்டும் ஓடும். நடுவில் வரும் ஆங்கில எழுத்துகளைத் தமிழில் சொல்ல ஒரு தஞ்சாவூர்க்காரர் இருந்தார். அவர் லீவில் ஊருக்குப் போன வாரம் என் கணவர் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"நீ படிச்சுச் சொல்றியா? புதுப் படம். திருடன் கதையாம்."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

பெயர் எதுவும் வராமலே படம் தொடங்கியது. கோர்ட்டு, கூண்டில் ஒருவன், பிறகு ஜெயில். கம்பிக்கு வெளியே அவன் மனைவி. மீட்டரைப் பார்த்து அளவு சொல்வதுபோல ஒவ்வொரு வரியாகச் சொன்னேன்.

"அண்ணி, ரேடியோ நியூஸ் மாதிரி இருக்கு. கொஞ்சம் உப்புப் போட்டுச் சொல்லுங்க" என்றார் ராமநாதபுரத்து வெல்டர்.

அதற்குள் திரையில் 'தி எண்ட்' வந்துவிட்டது.

"என்னண்ணே, கலாஸா, முடிஞ்சுதா? இன்னொரு டப்பா இருக்கே!" என்றார் ஒருவர்.

சுருள் டப்பாக்களின் லேபிள்கள் வெயிலில் காய்ந்து உதிர்ந்திருந்தன. என் கணவர் இரண்டாம் சுருளை முதலில் மாட்டிவிட்டார். சைட்டில் ஒரு நூல் பிசகினாலும் பிரித்துக் கட்டச் சொல்கிறவர். "அண்ணன் ரிவர்ஸ்ல ஓட்டிட்டாரு" என்று யாரோ சொல்ல, அறையே சிரித்தது. அவர் மட்டும் தலையைக் குனிந்து சுருளைக் கழற்றிக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது.

"தப்பா ஓட்டல" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "ஜெயிலுக்குள்ள உக்காந்து, எப்படி இங்க வந்தோம்னு நினைச்சுப் பாக்கிறான். அதுதான் அடுத்த டப்பா."

"அண்ணி சமாளிக்கிறாங்கப்பா!"

"சரி, யல்லா, போடுங்கண்ணே. என்ன நினைக்கிறான்னு பாப்போம்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, அடுத்த சுருளை மாட்டி புரொஜெக்டர் விளக்கைப் போட்டார்.

இந்த முறை எழுத்துகளை அப்படியே சொல்லவில்லை. அவனே சொல்வதுபோலச் சொன்னேன். "வேலை போச்சு. வீட்டுல புள்ள பசியில அழுவுது. பேங்க் பின்கதவு எனக்குத் தெரியும்." பெட்டகம் திறந்தபோது ஒருவரும் மூச்சுவிடவில்லை. கடைசியில் அவன் வீட்டுக்கு வந்தான். தூங்கும் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். போலீஸ் இன்னும் தெருமுனையைத் தாண்டவில்லை. அங்கே சுருள் முடிந்து, விரிப்பு வெள்ளையானது.

வெல்டருக்கு இரண்டு வருடமாக லீவு கிடைக்கவில்லை. மகளை அவர் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார்.

"இது போதும் அண்ணி" என்றார். "இப்படியே முடியட்டும்."

அடுத்த வாரம் தஞ்சாவூர்க்காரர் திரும்பி வந்துவிட்டார். டீக்குத் தண்ணீர் வைத்தேன். என் கணவர் இரண்டு டப்பாக்களோடு உள்ளே வந்து, மேடைமேல் அருகருகே வைத்தார்.

"எதை முதல்ல போடட்டும்?"

"அவர்தான் வந்துட்டாரே."

"அவர் டீ போடட்டும்" என்று சொல்லி, வாய்விட்டுச் சிரித்தார். இந்த முறை நடுவில் சுவர் இல்லை.