ஏகாதசியன்று நான் போட்ட மூன்று மதிப்பெண்

நின்றும் இருந்தும் கிடந்தும் மூன்று தளங்களில் காட்சி தரும் எங்கள் சுந்தர வரதனே! தன் பிழையைத் தானே சொல்ல வந்திருக்கும் அடியேனை, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வைப்பாயாக.

நண்பர்களே... டிஞ்சர் நெடியும், ஈர வேட்டிகளில் ஒட்டிவந்த நாற்றங்கால் சேற்றின் மணமும் கலந்து வீசும் ஓர் அறை. சாலவாக்கம் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புறநோயாளிகளைப் பார்க்கும் ஓ.பி. அது. நான் அங்கே மருத்துவ அலுவலராக இருந்த காலம்.

மருத்துவக் கல்லூரியிலிருந்து ஹவுஸ் சர்ஜன்கள் என்னும் பயிற்சி மருத்துவர்கள் எங்களிடம் கிராமப் பயிற்சிக்கு வருவார்கள். அவர்கள் நோயாளியைப் பார்க்கும் விதத்தை அருகில் நின்று கவனித்து, ஒன்பதுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவது என் பொறுப்பு. ஒரு மாணவர், ஒரு நோயாளி, ஒரு படிவம்... அவ்வளவுதான் வழக்கம். நான்குக்குக் கீழே போனால் இரண்டு மாதப் பயிற்சியை மறுபடி செய்ய வேண்டும்.

கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த அந்தோணிக்கு நான் மூன்று போட்டேன்.

மானாம்பதியிலிருந்து ஒரு விவசாயி மூச்சிரைப்போடு வந்திருந்தார். அந்தோணி ஸ்டெதஸ்கோப்பைத் திருப்பி மாட்டினான். கழற்றி மறுபடி மாட்டினான். கால் வீங்குகிறதா என்று கேட்கவே மறந்தான். மார்பில் வைத்த கையை எடுக்கவும் மறந்தான்.

"இன்னா நைனா, அங்கியே வச்சிக்கினு கீற? உசுரு கீதா இல்லியான்னு பாக்கறியா?" என்றார் பெரியவர்.

அறையே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை அந்தோணி என் மேசையருகே வந்து நின்றான்.

"சார், ஊர்ல ஒரு ஆஸ்பத்திரில வேலை சொல்லியிருக்காங்க. இந்தப் பயிற்சி முடிஞ்சதும் சேரணும். ரெண்டு மாசம் தள்ளிப்போனா வேற ஆளைப் போட்டுடுவாங்க சார்..."

என்னோடு பணிபுரிந்த டாக்டர் வசந்தி அவனுக்காகப் பரிந்து வந்தார். "முந்தாநாள் பேதியோட வந்த கொழந்தைய இவன் பாத்தப்போ நான் பக்கத்துலதான் இருந்தேன். நானா இருந்தா எட்டு போட்டிருப்பேன். ஒரே ஆளு சார்... உங்களுக்கு மூணு, எனக்கு எட்டா?"

"அப்ப நான் கண்ணால பாத்தது பொய்யா?" என்றேன், சற்றே சூடாக.

அப்போதுதான் எங்கள் செவிலியர் பாக்கியம் சிஸ்டர், பழைய படிவக் கட்டு ஒன்றை என் முன்னால் வைத்தார்.

"கோச்சிக்காதீங்க சார். மத்த நாள்ல ஆறு, ஏழுன்னு போடறீங்க. ஏகாதசி அன்னிக்கு மூணு, நாலைத் தாண்டறதே இல்ல. பசங்க காலண்டரைப் பாத்துக்கினுதான் லீவே கேக்கறாங்க! அந்தோணிக்கு ஏகாதசின்னா இன்னான்னே தெரியாது. பாவம், வந்து மாட்டிக்கினாரு."

படிவங்களைப் புரட்டினேன். தேதிகளைக் காலண்டரோடு ஒப்பிட்டேன். அத்தனையும் உண்மை!

நீரும் அருந்தாமல் விரதம் காத்தவன் நான். உண்ணாமை உடலுக்கு நோன்பு, சினவாமை உள்ளத்துக்கு நோன்பு என்று கோயில் மண்டபத்தில் உபந்நியாசமும் செய்தவன். சோற்றை விட்டவன் சினத்தை விடவில்லையே... வெட்கத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. என்னோடு மூவரும் சிரித்தார்கள். அந்தோணி மட்டும் சற்று அஞ்சியே சிரித்தான்.

ஆயினும் மூன்றை அடித்துவிட்டு எட்டு எழுதவும் மனம் ஒப்பவில்லை. ஸ்டெதஸ்கோப் தடுமாற்றம் என் பசியில் பிறந்ததன்று; அது நடந்தது. ஆகவே வேறொரு ஏற்பாடு செய்தோம். எஞ்சியிருந்த மூன்று வாரங்களில் அவன் எட்டு நோயாளிகளைப் பார்க்க வேண்டும். நான், வசந்தி, பாக்கியம் சிஸ்டர் ஆகிய மூவரும் மாறி மாறிக் கவனிப்போம். ஒருவர் போட்டதை மற்றவர் பாராமல் உறையிலிட்டு ஒட்டிவிடுவோம். அடுத்த ஏகாதசியன்று கவனிக்கும் முறையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அன்று ஆறு போட்டேன். உறையில் இடுமுன், எங்கள் ஏற்பாட்டை மீறி, பாக்கியம் சிஸ்டரிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன்.

"இன்னா சார், யாருக்கும் தெரியாம நாஷ்டா பண்ணிட்டீங்களா?"

இறுதியில் உறைகளைப் பிரித்தோம். குழந்தைகளிடம் அவன் பொன்னான வைத்தியன் என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து. முதியோரின் மார்பைப் பரிசோதிப்பதில் தொடக்கத்தில் தடுமாறினான் என்பதிலும் அப்படியே. வாரந்தோறும் அந்தத் தடுமாற்றம் குறைந்திருந்ததை எண்களே காட்டின. எல்லாம் சேர்த்துச் சராசரி பார்த்தால் ஆறுக்குச் சற்று மேல். பயிற்சி முடிந்தது, குறித்த நாளில் ஊருக்குப் போய் வேலையில் சேர்ந்தான்.

இப்போது மதிப்பெண்களைக் கைப்பேசியிலேயே போட்டுவிடுகிறார்கள். விரல் பட்டதும் கல்லூரிக்குப் போய்விடுகிறது. நல்லதுதான்... ஆனால் போடுகிறவரின் முகத்தைப் பார்த்து, "கோச்சிக்காதீங்க சார்" என்று படிவக் கட்டைக் கொண்டுவந்து வைக்கும் ஒரு பாக்கியம் சிஸ்டர் அதற்குள் இல்லை.

சென்ற வாரம் இரத்த அழுத்தம் பார்க்க உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அங்கே பயிற்சி மருத்துவரான ஒரு பெண் அழகாகப் பார்த்தாள். பிறகு கைப்பேசியை நீட்டி, "ஐயா, நான் எப்படிப் பாத்தேன்னு நீங்களும் ஒரு மார்க் போடுங்க" என்றாள்.

"ஒரு வாட்டி பாத்ததுக்கே இன்னாம்மா சொல்றது? நாளைக்கும் பாரு, சொல்றேன்."

"நாளைக்கு நான் இங்கதான் கீறேன் ஐயா. நீங்கதான் வரணும்."

போனேன். மறுநாளும் போனேன்.

இதைப் படித்த உங்கள் இல்லத்தில் நோய் அண்டாதிருக்கட்டும். உங்கள் பிள்ளைகளை எடைபோடும் கண்கள் பொறுமையுடையனவாக அமையட்டும். உங்கள் அடுப்பும் விளக்கும் என்றும் குளிராதிருக்க வரதன் துணை நிற்பானாக.