எட்டாம் நாள் கொப்புளம்

ஊரில் அவருக்கு ஊசிக்காரர் என்று பெயர். அது முகத்துக்கு நேராகச் சொல்வது. முதுகுக்குப் பின்னால் சொல்வதை எழுத முடியாது. பெரியம்மை வராமலிருக்கக் குழந்தைகளின் கையில் அம்மைப்பால் குத்துவது, பன்னிரண்டு வருஷமாக நகராட்சியில் அவர் வேலை. அவர் தலை தெரிந்தால் போதும், தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும்.

அம்மைப்பால் என்றால் புட்டியில் வருகிற சரக்கில்லை. ஒரு குழந்தைக்குக் குத்தினால் எட்டாம் நாள் கொப்புளம் பழுக்கும். அதிலிருந்து எடுத்துத்தான் அடுத்த குழந்தைகளுக்குக் குத்த வேண்டும். அன்றைக்கு யாரும் வராவிட்டால் எல்லாம் பாழ். புதுப்பால் கப்பலில் வர மூன்று மாதம். தாய்மார்களோ எட்டாம் நாளாகப் பார்த்துத்தான் தங்கை வீட்டுக்குக் கிளம்புவார்கள். "ஒண்ணுமே இல்லம்மா, பயப்படாதீங்க" என்று அவர் தொண்டை கிழியச் சொன்னதை யார் நம்பினார்கள்!

அவரே நம்பவில்லை. குத்திக்கொண்ட குழந்தைகளின் பதிவேட்டில் அவருடைய ஒரே மகளின் பெயர் இருந்தது. கையில்தான் குத்திய தழும்பு இல்லை. குத்திய கைகளில் ஒன்றிரண்டு சீழ்பிடித்ததைக் கண்ணால் பார்த்தவர். "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்பாள் மனைவி. அப்பாடா என்று தலையாட்டுவார். ஆறு வருஷம் ஓடிவிட்டது. பெரிய யோக்கியர், போங்கள்!

அந்த வாரம் துறைமுகத் தெருவில் பெரியம்மையில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். அவர் வீட்டுக்கும் அந்தத் தெருவுக்கும் நடுவே ஒரே ஒரு சந்து. எட்டாம் நாள் வரவேண்டிய ஆறு குழந்தைகளில் ஐந்து வரவில்லை. தையல்காரி மட்டும் கைக்குழந்தையோடு வந்தாள். நகராட்சிக் கூடத்து வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள் பிள்ளைகளோடு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றார்கள்.

கொப்புளத்தைக் கீற அவர் சின்னக் கத்தியை எடுத்ததும் தையல்காரி குழந்தையின் கையைத் துணியால் மூடினாள்.

"முதல்ல உங்க பொண்ணுக்குக் குத்துங்க."

"அவளுக்கு எப்பவோ ஆச்சும்மா. பதிவேட்டுல இருக்கு பாருங்க."

"நான் என்ன, பதிவேட்டுக்கா கவுன் தைச்சேன்? உங்க பொண்ணுக்கு அளவெடுத்தவ நான். ரெண்டு கையும் வழுவழுன்னு இருக்கு."

வாசல் சிரித்தது. அவர் கத்தியைக் கீழே வைத்தார். எழுந்து வீட்டுக்குப் போய் மகளைத் தூக்கிவந்தார். மனைவி பின்னாலேயே ஓடிவந்தாள்.

"இவளுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"எனக்கும் அந்தப் பயம்தான்டி, இத்தனை வருஷமா!" கூடமே அதிரக் கத்திவிட்டார். "ஆனா குத்தாம விட அதைவிடப் பயமா இருக்கு. கையைக் கெட்டியாப் பிடி."

பிடித்தாள். தையல்காரி தன் குழந்தையின் கையிலிருந்த துணியை விலக்கினாள். மகள் வீறிட்டாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு குத்தி முடித்தார்.

வாசலில் நின்ற ஒருத்தி, "இந்தாளுக்கும் பயமாத்தான் இருக்காம்டி" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிவிட்டு, மகனின் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டே உள்ளே வந்தாள்.