வருகை குறைந்துபோன அண்ணன்

அண்ணன் நம்மை விட்டுப் போய் இந்த வைகாசியோடு ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும், அண்ணனோடு பட்டாளத்தில் இருந்தவர்களுக்கும், அவரோடு கல்லூரியில் படித்த பிள்ளைகளுக்கும் தம்பியின் வணக்கம்.

இதை எழுத எனக்குத் தகுதி இல்லை என்று அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் அண்ணன். பள்ளிக்கூடமும் நானும் மூன்றாம் வகுப்பிலேயே சண்டை இல்லாமல் பிரிந்துவிட்டோம். அதனால் நான் சொல்லச் சொல்ல அண்ணி எழுதுகிறார்.

"சிரிப்பு மூட்டற மாதிரி சொன்னா எழுத மாட்டேன்" என்றார் முதலிலேயே.

"அப்போ மலரு வெறும் பேப்பராத்தான் போவும் அண்ணி."

"போவட்டும்" என்றார். ஆனால் அதையும் எழுதிவிட்டார்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் குப்பத்தில் அண்ணன் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பின் இரண்டு அக்கா, கடைசியில் நான். ஊருக்குள் அந்தக் காலத்தில் கப்பலில் வந்த ஒல்லாந்துக்காரர்களின் கல்லறைகள் இருக்கின்றனவே, அங்கேதான் சின்ன வயதில் அண்ணன் கிடப்பார். கல்லில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே, "இதுல இன்னா எழுதிகீதுன்னு தெரிஞ்சிக்கணும்டா" என்பார். நான் அதே கல்லின் மேல் ஏறி நின்று காற்றாடி விடுவேன். யார் எங்கே போய்ச் சேருவார்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அண்ணன் பத்தாவது முடித்த வருடம் எங்களைப் பெற்ற நைனா காய்ச்சலில் போய்விட்டார். "இவனை மேலே படிக்க வையுங்க" என்று வாத்தியார் வீட்டுக்கே வந்து அம்மாவிடம் சொன்னார். அண்ணன் அவரைக் கும்பிட்டு வழியனுப்பிவிட்டுப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் இடத்துக்குப் போனார். அக்காமார் கல்யாணம், என்னுடைய படகு, எங்கள் ஓட்டு வீடு எல்லாம் அவர் காவல் நின்ற பனிமலையிலிருந்து வந்தவை. அங்கே இருந்துகொண்டே தனியாகப் படித்து, விடுமுறையில் வந்து பன்னிரண்டாவது பரீட்சையும் எழுதினார். விடுமுறைக்கு வந்தால் எல்லாரும் கறி தின்பார்கள். எங்கள் அண்ணன் பரீட்சை எழுதுவார்.

பதினேழு வருடம் கழித்து ஓய்வு பெற்று வந்தபோது, அத்தனை வருடம் சேவை செய்ததால் பட்டதாரிக்குச் சமம் என்று பட்டாளத்தில் ஒரு சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். சித்தப்பா அதை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பட்டமே குடுத்துட்டானுங்க. காட்டுப்பள்ளிப் பக்கம் காவல் வேல கீது. போய் ஒக்காரு" என்றார்.

"நான் காலேஜுல சேரப் போறேன் சித்தப்பா."

"இன்னாடா பைத்தியம்? அதான் சமம்னு எழுதிகீதே!"

"சமம்னுதான எழுதியிருக்காங்க? படிச்சான்னு எழுதலையே" என்றார் அண்ணன்.

முன்னாள் படைவீரர்களுக்குக் கல்லூரியில் தனி இடம் உண்டு, வயதிலும் தளர்வு உண்டு என்பதையெல்லாம் விசாரித்து வைத்திருந்தார். பட்டாளத்துச் சான்றிதழ் சில வேலைகளுக்குச் செல்லும், பட்டப் படிப்பில் சேர அது போதாது, பன்னிரண்டாவது மதிப்பெண்தான் வேண்டும் என்றார்கள். அதுவும் அவரிடம் இருந்தது. வரலாறு எடுத்தார். வகுப்பில் இருந்த பிள்ளைகள் முதல் வாரம் "அங்கிள்" என்றார்கள், அடுத்த மாதம் "அண்ணா" என்றார்கள். ஆசிரியை உள்ளே வந்ததும் அண்ணன் விறைப்பாக எழுந்து நிற்க, பாதி வகுப்பு பயத்தில் தானும் விறைத்து நிற்குமாம். இரண்டு வருடம் அவர் இருந்த சந்தோஷத்தை அண்ணியைக் கேட்டால் சொல்வார். கேட்டேன். "நீயே சொல்லு" என்று பேனாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மூன்றாம் வருடம் தொடங்கியதும் நான் காலை உடைத்துக்கொண்டேன். கடலில் அலை அடித்து உடைத்திருந்தால் பெருமையாகச் சொல்லலாம். சொந்தக்காரர் கல்யாணத்தில் ஆடி உடைத்துக்கொண்டேன். ஆட்டமும் சுமார்தான்.

இங்கே பட்டாளத்து நண்பர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஏரியில் இறால் அதிகம் படும் இடங்களில் யார் எப்போது வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறோம். அதற்குப் பாடு என்று பெயர். நம் முறை வரும்போது நம் வீட்டு ஆள் ஒருவர் நிற்க வேண்டும். எனக்கு முடியாவிட்டால் என் கூடப் பிறந்தவர் நிற்கலாம். யாருமே நிற்காவிட்டால் அந்த முறை போய்விடும்.

"விடுண்ணா, ஒரு தரம் போனா போவுது. உனக்குக் காலேஜு கீது" என்றேன்.

"நம்ம வீட்டுப் பாடு காலியாக் கெடந்தா நைனா கேக்க மாட்டாரா?" என்று சொல்லிவிட்டு வலையை எடுத்துக்கொண்டு போனார். என் கால் கூடும் வரைக்கும் என்னுடைய எல்லா முறையிலும் அவர்தான் நின்றார். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் நின்றவர் மறுநாள் வகுப்பில் எப்படிப் போய் உட்காருவார்?

என் கால் கூடியது. அண்ணனுக்கு உடம்பு விழுந்தது. சிறுநீரகம் என்றார்கள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அண்ணி அங்கேயே தங்கிவிட்டார். நாங்கள் வீட்டில் உட்கார்ந்து யோசித்தோம். சித்தப்பாதான் சொன்னார்:

"அவன் ஏரில உன் பாட்டுல நின்னான் இல்ல? நீ போய் அவன் பாட்டுல நில்லு."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. மறுநாள் அண்ணனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு, பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனேன். ஆசிரியை ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். அண்ணன் பெயர் வந்ததும் எழுந்து, படகிலிருந்து கரைக்குக் கூப்பிடுகிற குரலில், "உள்ளேன் அம்மா!" என்றேன். பெஞ்சில் ஒரு பெண் சிரித்துச் சிரித்துப் படுத்தே விட்டாள்.

"நீங்க யாருங்க?"

"அவரு தம்பிங்க மேடம். அவரு ஆஸ்பத்திரில கீறாரு. அவரு பாட்டுக்கு நான் வந்துகீறேன்."

"இங்க ஆள் மாத்தி உட்கார முடியாதுங்க."

"கூடப் பொறந்தவன்தாங்க மேடம். ரேசன் அட்ட வேணா காட்டட்டா?"

அந்த அம்மா சிரிக்கவில்லை. அண்ணனுக்கு என்ன உடம்பு என்று விசாரித்தார். அந்த ஒரு மணி நேரம் மட்டும் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். பத்தாவது நிமிடம் தூங்கிவிட்டேன். வகுப்பு முடிந்ததும் எழுப்பி, வெளியே நிற்க வைத்துச் சொன்னார்.

"பட்டாளத்துல இருந்தவங்களுக்குச் சேர்றதுக்குச் சலுகை இருக்கு, வயசுக்கு இருக்கு. வருகைக்கு மட்டும் இல்லைங்க. நாலுல மூணு பங்கு நாள் வந்திருந்தாத்தான் பரீட்சை எழுதலாம். உடம்பு சரியில்லாததுக்கு டாக்டர் சான்று வெச்சுக் கொஞ்சம் தள்ளிக் குடுப்பாங்க. ஆனா அவர் அதுக்கு முன்னாடியே நிறைய நாள் விட்டிருக்காரே. அது ஏன்?"

அது ஏன் என்று எனக்குத் தெரியும். மேடத்தைக் கும்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அண்ணன் சிரித்ததில் கையில் ஏற்றியிருந்த ஊசி நகர்ந்து, நர்ஸம்மா ஓடி வந்து என்னைத் திட்டினார்.

"பாடம் இன்னாடா நடத்துனாங்க?"

"தூங்கிட்டேண்ணா."

"அதாவது, என் பேருல."

அப்புறம்தான் சொன்னேன். "அண்ணா, எனக்காக ஏரில நின்ன நாளுதான் ஒதைக்குது. அது மட்டும் இல்லாட்டி எழுதியிருப்பியாம்."

"அன்னிக்கெல்லாம் நான் ஆப்சென்ட்டா? ஏரில பிரசென்ட்டுடா" என்றார். "வர்ற ஆனில மறுபடி போய் ஒக்காந்துக்கறேன். பதினேழு வருஷம் நின்னவனுக்கு இன்னொரு அரை வருஷம் ஒக்கார்றது பெருசா?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மாதக்கணக்கில் வீட்டில் இருந்தார். உடம்பு நன்றாக இருந்த நாட்களில் படித்தார், இல்லாத நாட்களில் அண்ணியைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். போன வைகாசியில், ஒரு மதியம், கேட்டுக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். அண்ணி அந்தப் பக்கத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தாராம்.

மலரின் அட்டையில் அண்ணன் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று போடலாம், யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று சித்தப்பா சொன்னார். எனக்கும் ஆசைதான். அண்ணி சம்மதிக்கவில்லை. "வாங்காதத அவரு போட்டுக்க மாட்டாரு" என்றார். அதனால் 'முன்னாள் படைவீரர், மூன்றாம் ஆண்டு வரலாற்று மாணவர்' என்று போட்டிருக்கிறோம். பட்டம் எங்கே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணனைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், ஊசி நகர்ந்ததற்காக என்னைத் திட்டிய நர்ஸம்மாவுக்கும் நன்றி. சேதி கேட்டு ரயிலேறி வந்து, அண்ணனுக்குச் சல்யூட் அடித்துவிட்டு ஓரமாய் நின்று அழுத பட்டாளத்து நண்பர்களுக்கு நன்றி. துக்கத்தில் நாங்கள் ஏரிக்குப் போகாத நாட்களில் எங்கள் முறையைக் காலியாக விடாமல் நின்ற பங்காளிகளுக்கு நன்றி. அந்த ஆசிரியைக்கும், பஸ் பிடித்து வந்த பிள்ளைகளுக்கும் நான் எப்படி நன்றி சொல்வது? அவர்கள் வந்தது பதினாறாம் நாள் காரியத்துக்கு. அண்ணன் மறுபடி போய் உட்கார இருந்த கல்லூரி திறந்ததும் அன்றைக்குத்தான்.

அன்று காலை மொட்டை அடித்த தலையோடு நான் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்விட்டேன். ஏன் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அண்ணி தேடிக்கொண்டு வந்தார்.

"எங்க கெளம்பிட்ட?"

"சும்மாதான் அண்ணி. இன்னிக்குக் காலேஜு தொறக்கறாங்க."

"அங்க ஆள் மாத்த முடியாதுன்னு சொல்லிட்டாங்க இல்ல? வா. ஐயரு காத்துக்கினு இருக்காரு."

அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. காரியத்தில் நிற்க வேண்டியவன் நான்தான். வந்து நின்றேன்.