லோடர் கைக்குள் ஒரு தகடு

காலை ஆறேகாலுக்கு, வெல்டர் சுருளியாண்டி நெஞ்சுவலியில் இறந்துவிட்டதாக ராஜமணிக்குப் போன் வந்தது. துக்கத்துக்கு முன்னால் அவர் மனதில் வந்து நின்றது, தன் பழைய செயின் டிராக்டரில் மண்வாளியைத் தூக்கும் லோடர் கைகள்தான்.

பெட்டிபோல உள்ளே கூடான இரும்புக் கைகள் அவை. விரிசல் விட்டதால், உள்ளே புதுத் தகடு கொடுத்து மறுபடி கட்டுவதற்காக இருபது நாளாகச் சுருளியாண்டியின் பழனிசெட்டிபட்டிப் பட்டறையில் கிடந்தன. வேலை நடக்கும்போது யாரையும் பக்கத்தில் நிற்கவிடாத மனிதர் அவர். தகடே வைக்காமல் மூடிவிட்டால் யாருக்குத் தெரியும்? பாரம் தூக்கும்போது ஒடிந்தால், கீழே நிற்பவன் கதி?

போன வாரம் ராஜமணி போனில் கேட்டேவிட்டார். "ஏலே, உள்ள தகடு வச்சியா, மேலாப்புல பூசி விட்டியா?"

"வந்து பாருங்கண்ணே. பொண்ணு பாக்க வர்றவுககூட இம்புட்டு நோண்ட மாட்டாக," என்றார் சுருளியாண்டி.

மூடிய இரும்புக்குள் எதைப் பார்ப்பது என்று ராஜமணி போகவில்லை.

அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் பட்டறைக்குப் போனார். இரண்டு கைகளிலும் எலுமிச்சம்பழ அளவில் ஒவ்வொரு துளை இருந்தது. செல்போன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தார். கனமான தகடு, சீராகப் பற்றவைத்திருந்தது. துளைக்கு அருகே சாக்பீஸ் எழுத்து: "அண்ணன் பாத்தப்புறம் அடைக்கணும்."

அந்த இரண்டு துளைகளையும் ராஜமணி இன்னும் அடைக்கவிடவில்லை.