சினை மீனும் கரைத்த புளியும்

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் ஒரு பனிக்காலத்தில், கனடாவில் லொங்குய் நகரில் என் கணவரோடு வேலை செய்த பிரெஞ்சுக்காரர் வருகிற கோடையில் சால்மன் மீன் பிடிக்க எங்களைக் கஸ்பேசி என்ற கடலோரப் பகுதிக்கு அழைத்தார். அங்கே ஒரு ஆற்றைக் காக்கப் பாடுபடுகிற கூட்டத்தில் அவரும் ஒருவர். மேலே காட்டை வெட்டுகிறார்களாம். மண் கரைந்து வந்து மீன் முட்டையிடும் கூழாங்கற்களை மூடிவிடுகிறதாம். கடலிலிருந்து திரும்பி வரும் மீன் வருசா வருசம் குறைகிறதாம். அதனால் பெரிய மீன் பிடிபட்டால் விட்டுவிட வேண்டும், அதுதான் சட்டம். என் கணவர் எல்லாவற்றுக்கும் பணிவாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும், "பிடிச்ச மீனை விடுறதோ? விசர்க் கதை" என்றார்.

அவர் மன்னாரில் வலை இழுத்து வளர்ந்தவர். கனடாவுக்கு வந்தபின் தன் கையால் ஒரு மீனும் பிடித்ததில்லை. அந்த ஏக்கத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். மீன்கடையில் ஐஸில் கிடப்பதைப் பார்த்துவிட்டு வெளியே போய் நிற்பார், அவ்வளவுதான்.

புழுவெல்லாம் குத்தக் கூடாது. இறகு கட்டிய தூண்டிலைப் பூச்சி மாதிரித் தண்ணீரில் விழ வீச வேண்டும். வீட்டுப் புல்தரையில் வசந்தம் முழுக்க வீசிப் பழகினார். நான் காயப்போட்ட சேலை மட்டும் பிடிபட்டது. ஆற்றுக்கு வந்த சால்மன் ஒன்றும் தின்னாதாம், எரிச்சலில்தான் தூண்டிலைக் கடிக்குமாம். அந்த மீன்மேல் எனக்கு அப்போதே ஒரு மதிப்பு வந்தது.

நாங்கள் ஆற்றுக்குப் போனது வெள்ளிக்கிழமை. நாங்கள் வேதக்காரர், வெள்ளியில் எங்கள் வீட்டில் இறைச்சி இல்லை, மீன்தான். ஆகவே நான் சட்டி, மிளகாய்த்தூள், கறிவேப்பிலை, புளி எல்லாம் கட்டிக்கொண்டு போனேன். சட்டத்தைவிட என் கணவரை எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். கரையில் அடுப்பு மூட்டிப் புளியையும் கரைத்து வைத்தேன்.

நண்பர் ஆற்று வளைவுக்கு அப்பால் போன நேரம் பார்த்து என் கணவரின் தூண்டிலை மீன் கடித்தது. வெகு நேரம் இழுபட்டு ஒருவழியாக அவர் கைக்கு வந்தது. பச்சைக்குழந்தை அளவு மீன். பார்க்க ஆளில்லை.

"கெதியாக் கொண்டு வாங்கோ, புளி கரைச்சாச்சு" என்றேன்.

அவர் அதன் வயிற்றைத் தடவினார். "சினை மீனப்பா."

"சினையெண்டால் இன்னும் நல்லது. பொரிப்பம்."

அவர் மெதுவாகத் தூண்டிலைக் கழற்றினார். நண்பர் செய்து காட்டியபடி ஒரு கை வயிற்றுக்குக் கீழே, ஒரு கை வாலில், தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து, அதற்கு மூச்சு வரும்வரை இடுப்பளவு குளிர் தண்ணீரில் நின்றார்.

"மெல்ல, மெல்ல. போ ராசாத்தி. போய்ப் பெத்துப்போடு" என்றார்.

மீன் போய்விட்டது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மூன்று பிள்ளை பெற்றிருக்கிறேன். என்னை ஒருநாளும் ராசாத்தி என்று கூப்பிட்டதில்லை. எனக்குப் பொறாமையில் அழுகை வந்தது. அதைவிட மோசம், அந்த மனுசனை முன்பைவிட எனக்குப் பிடித்துப்போனது. அந்தக் கோபத்தில் மீனில்லாத குழம்பு வைத்து, உப்பை வேண்டுமென்றே அள்ளிப் போட்டேன். அவர் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.