சுண்ணாம்பு கலந்த கழிவுத்தூள்

தேயிலைத்தூள் கருகும் வாசனை… தோட்டத்தில் வருவது அல்ல இது. பல்கலைக்கழக லேப் உலையில், காற்றுப் போகாமல் மூடி எரிக்கும்போது வருவது. இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்களில் என் உடுப்பு, தலைமுடி எல்லாம் அதே வாசனைதான். எத்தனை தடவை துவைத்தாலும் போகாது.

என் ஆய்வு இதுதான். தேயிலைக் கழிவைக் கரியாக்க வேண்டும். அந்தக் கரியில் கண்ணுக்கே தெரியாத, நானோ அளவுத் துளைகள் இருக்க வேண்டும். தண்ணீரில் கலந்த சாயத்தை அவை பிடித்துக்கொள்ளும். நானோ என்ற சொல்லே அப்போது எங்களுக்குப் புதிது.

கழிவுத்தூளுக்கு நான் அலையவில்லை. ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டத்தில், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கும் இடத்தில் அப்பாவுக்கு வேலை. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் அவரே கேட்டு, கேட் பாஸ் வாங்கி, ஒரு பை கட்டித் தந்தார். பெருமையாக ரயில் ஏறினேன்.

முதல் ரிசல்ட்டைக் காட்டினால்தான் மேற்படிப்புக்குப் பதிவு. கரியில் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் எக்ஸ்ரே கருவி எங்களிடம் இல்லை. வேறு நிறுவனத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு நாள் தருவார்கள். காத்திருந்து வாங்கிய ரிசல்ட்டில் கரியைவிடக் கல்சியம்தான் எழும்பி நின்றது…

என் ஆய்வுக்கு வழிகாட்டிய மேடம் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“பிள்ளை, இதுக்குள்ள கல்சியம் எங்கையிருந்து வந்தது? வாற கிழமைக்குள்ள காரணம் சொல்லோணும். இல்லாட்டி உம்மட பதிவை நான் அனுப்பேலாது.”

அந்தச் சனிக்கிழமை வீட்டில் அப்பாவிடம் புலம்பினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“சுண்ணாம்பாத்தான் இருக்கும். நாந்தானே கலந்தேன். கழிவுத்தூளு வெளிய போறதுன்னா சுண்ணாம்பு கலந்துதான் போகணும். இல்லாட்டி எவனாவது நல்ல தூளோட சேத்து வித்துப்புடுவான்ல.”

“எனக்கு எதுக்குப்பா கலந்தீங்க? நான் என்ன விக்கவா போறேன்?” கத்தியேவிட்டேன்.

“மகளுக்குன்னா மட்டும் வேறயா? கேட்டுல பைய சோதிப்பாங்கம்மா. கலக்காத தூளு ஒரு பிடி இருந்தாலும் என் வேலை போயிரும்.”

ஸ்டோர் வாசலில் வளர்ந்தவளுக்கு இது தெரியவில்லையே…

தொழிற்சாலையில் சுண்ணாம்பு கலந்துவிட்டார்களாம் என்று மட்டும் மேடத்திடம் சொன்னேன். சிரித்துவிட்டு, கரியை அமிலத்தில் கழுவச் சொன்னார். சுண்ணாம்பு கரைந்தது. அது இருந்த இடமெல்லாம் துளை. எதிர்பார்த்ததைவிட அதிகம்! பதிவும் கிடைத்தது.

ஆய்வேட்டை பைண்ட் செய்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. கையைத் துடைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“இதுல நம்ம ஸ்டோரு பேரு இருக்காம்மா?”

“இருக்குப்பா.”

இல்லை. ‘மலைநாட்டுத் தொழிற்சாலை ஒன்று’ என்றுதான் எழுதியிருந்தேன். பெயரைப் போட்டால் யார் தந்தது என்று கேட்பார்கள், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளை என்று தெரிந்துவிடும்… அந்த வயதில் அதுதான் பெரிய பயம். இப்போது நினைத்தால் அவமானமாக இருக்கிறது.

இன்று நானே பாடம் நடத்துகிறேன். கருவி பக்கத்து அறையில். காலையில் கொடுத்தால் மாலையில் ரிசல்ட். மாதிரி எடுத்துத் தந்தவரின் பெயரை எழுதாத ஆய்வேட்டில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. ரொம்பக் கறார் என்று மாணவர்கள் பேசிக்கொள்வார்கள்.

அப்பா ஓய்வு பெற்றுப் பல வருடமாகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் இன்னும் சொல்கிறார்.

“எங்க ஸ்டோரு பேரு மக புத்தகத்துல இருக்குங்க.”

நான் எழுந்து டீ போடப் போய்விடுவேன்.